நான்குவழிச் சாலையா, குறுக்குச் சாலையா: செட்டிநாட்டு ஊர்கள் முதலில் எதைக் கேட்பது?

வருகிற கிராம சபையில் சாலைக்காக ஒரு தீர்மானம் போடுவது என்று எங்கள் பக்கத்து நாலைந்து ஊர்க்காரர்கள் கோயில் முன்மண்டபத்தில் கூடி உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் பேசியும் எதைக் கேட்பது என்று முடிவாகவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ராமநாதபுரம் சாலையை நான்குவழியாக்கக் கேட்போம், அது வந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்றார். சென்னையில் வேலை பார்க்கும் பையன்கள் மதுரைக்கு ரயில் வேண்டும் என்றார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார், "காலையில ஏழரைக்கு ஒரு பஸ், சாயங்காலம் ஆறுக்கு ஒரு பஸ், அத மட்டும் எழுதுங்க தம்பி" என்றார்கள். மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் போனிலேயே, ஊர்ச் சாலையை நான் போட்டுத் தருகிறேன், யாரிடமும் மனு கொடுக்க வேண்டாம் என்றார்.

நாலு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலையும் ஒரே தீர்மானத்தில் எழுதினால் அது எந்த அலுவலகத்துக்கும் உரியதாக இருக்காது. ஒன்றை முதலில் வைத்துத்தான் ஆக வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில் நான் சரியாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஊருக்கும் ஊருக்கும் நடுவில் ஓடும் குறுக்குச் சாலைகளை ஐந்தரை மீட்டருக்கு அகலப்படுத்தி, அதில் பஸ் விடச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவும் வருடா வருடம் பராமரிப்புப் பணம் வரும்படியான வழியில் கேட்க வேண்டும்.

நம் பகுதியின் வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். திருமயத்திலிருந்து கானாடுகாத்தான், கோட்டையூர் ஓரமாகக் காரைக்குடிக்கு வந்து, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போவது 536-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. திருமயத்திலிருந்து கீழச்சிவல்பட்டி வழியாகத் திருப்பத்தூருக்குப் போவது 36-ஆம் எண். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கமாகத் திருப்பத்தூருக்கும் மேலூருக்கும் போவது நான்குவழி. மூன்றையும் சேர்த்தால் ஒரு முக்கோணம். ஆத்தங்குடி, பலவான்குடி, கோனாபட்டு எல்லாம் அந்த முக்கோணத்துக்குள். அதாவது நமக்கு மூன்று பக்கமும் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. அந்தச் சாலைக்குப் போய்ச் சேர்வதுதான் பாடு.

போன ஐப்பசி மழையில் என் அத்தையை ஆட்டோவில் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தூரம் பார்த்தால் அரை மணி நேரம் கூட ஆகாது. எதிரே ஒரு லோடு வண்டி வந்தது. சாலையின் ஓரம் அரித்துப் போயிருந்தது, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் சாய்ந்து நின்றது, ஒதுங்க இடமில்லை. ஆட்டோக்காரர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய் ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கி, லோடு வண்டி கடந்த பிறகுதான் கிளம்பினோம். அத்தைக்கு அன்றைக்கு மூச்சுத் திணறல். நான்குவழிச் சாலையைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் ஞாபகம் வருகிறது.

சரி, நான்குவழியை எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் கூடாது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவர்களுக்கு மேலூர் சாலை எவ்வளவு உதவி என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதன் விலையையும் அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நமக்குப் பக்கத்து உதாரணம் பரமக்குடி–ராமநாதபுரம் சாலை. 46.7 கிலோமீட்டரை நான்குவழியாக்க 1,853 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 40 கோடி. இதற்கு எதிரில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தை வையுங்கள். 2023-ல் அறிவித்தபோது 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி என்றார்கள். கிலோமீட்டருக்கு 40 லட்சம். ஒரு கிலோமீட்டர் நான்குவழிக்கு ஆகும் பணத்தில் நூறு கிலோமீட்டர் கிராமச் சாலையைச் சீர்படுத்தலாம்.

இந்தக் கணக்கில் ஒரு நியாயக் குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நான்குவழிச் செலவில் பாலங்கள், புறவழி, நிலம் எல்லாம் அடக்கம். கிராமச் சாலைக் கணக்கு பெரும்பாலும் இருக்கிற சாலையைப் புதுப்பிப்பது. அகலப்படுத்தி, சிறுபாலமும் கட்டினால் கிலோமீட்டருக்கு ஒரு கோடியைத் தாண்டும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் 62,500 கிலோமீட்டருக்கு 70,125 கோடி ஒதுக்கியிருப்பதை வகுத்துப் பார்த்தாலும் அந்த அளவுதான் வருகிறது. அப்படிப் பார்த்தாலும் ஒரு கிலோமீட்டர் நான்குவழிப் பணத்தில் முப்பத்தைந்து கிலோமீட்டர் கிராமச் சாலை.

இதைவிட முக்கியமானது, நான்குவழிக்கு நம் கிராம சபைத் தீர்மானம் தேவையே இல்லை. அதைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் லாரிப் போக்குவரத்தையும் துறைமுகங்களையும் வைத்து முடிவு செய்கிறது. பணத்துக்கும் அவர்களிடம் தனி ஏற்பாடு இருக்கிறது. பரமக்குடிச் சாலை போன்றவற்றில் கட்டும்போது அரசு 40 சதவீதம் கொடுக்கும், மீதி 60 சதவீதத்தை ஒப்பந்தக்காரர் போட்டு, பதினைந்து வருடத்தில் தவணையாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். சுங்கக் கட்டணம் ஆணையத்துக்குப் போகும். சாவடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்குச் சொந்தக் காருக்கு மாதப் பாஸ் உண்டு, பைக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிப் போகும் மினி லாரிக்கு அந்தச் சலுகை இல்லை. நான்குவழி வரும்போது வரட்டும். நம் பங்கு அதில் சுரங்கப்பாதை எங்கே, சேவைச் சாலை எங்கே என்று கேட்பதுதான்.

ரயில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காரைக்குடி சந்திப்புக்குத் திருச்சிப் பாதையும் மானாமதுரைப் பாதையும் இருக்கின்றன. அகலப்பாதையான திருவாரூர் பாதையும் 2019-லிருந்து முழுதாக ஓடுகிறது. மதுரைக்கு மேலூர் வழியாக நேர்ப்பாதை என்பது நீண்ட காலக் கோரிக்கை, நியாயமானதும் கூட. ஆனால் அது நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக ரயில்வே வாரியத்தில் தீர வேண்டியது. நாம் கேட்கக்கூடியது அதைவிடச் சின்னது, உடனே பலன் தருவது. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் இரவு வந்து இறங்கும் ஆட்களுக்குக் காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து உள்ளூர்களுக்கு ஒரு பஸ் வேண்டும். செட்டிநாடு, கல்லல், தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷன்களிலும் இதே கதைதான். ஸ்டேஷன் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வழி இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தை மறுபடி திறப்பது பற்றியும் பேச்சு வருகிறது. அதைத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டாம்.

அந்த அக்காமார் கேட்டது பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காரைக்குடியைச் சுற்றி நன்றாகப் பஸ் ஓடும் வழித்தடத்தில் இருக்கும் பெண்ணுக்கு இதனால் மாதச் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம். பஸ்ஸே வராத ஊர்ப் பெண்ணுக்கு இந்தத் திட்டத்தால் ஒரு பைசா பலனில்லை, அவர் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். புதிய மினிபஸ் திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். நம் முக்கோணத்துக்கு அளந்து தைத்த மாதிரியான விதி. ஆனால் மினிபஸ் தனியாருடையது, அதில் டிக்கெட் உண்டு. ஆகவே ஒரு நேரமாவது அரசு டவுன் பஸ் வர வேண்டும் என்று கேட்பதை விடக்கூடாது.

பஸ் ஏன் வருவதில்லை என்று டெப்போவில் கேட்டால் முதலில் வரும் பதில் சாலைதான். ஒற்றைத் தடச் சாலை 3.75 மீட்டர் அகலம். பெரிய பஸ் இரண்டரை மீட்டர் வரும். எதிரே டிராக்டர் வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். ஐந்தரை மீட்டர் ஆக்கினால் இரண்டும் வேகத்தைக் குறைத்துக் கடந்துவிடலாம். ஏழு மீட்டர் இரட்டைத் தடம் நமக்குத் தேவையில்லை. அது வேகத்தைக் கூட்டும், புளியமரங்களைச் சாய்க்கும், வீட்டு முகப்பு வரை வந்து நிற்கும். பஸ்ஸும் சாலையும் ஒரே கோரிக்கை என்று நான் சொல்வது இதனால்தான். பிரித்துக் கேட்டால் சாலைக்காரர் பஸ் ஓடவில்லையே என்பார், பஸ்காரர் சாலை இல்லையே என்பார்.

பணம் எங்கிருந்து

இங்கேதான் கூட்டத்தில் குழப்பம் அதிகம். முதலில் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்துடையதாகவோ ஊராட்சியுடையதாகவோ இருக்கும். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் போய்விட்டன. அங்கிருந்து கிளம்பும் சாலை பாதி தூரம் மாநகராட்சி, பாதி தூரம் ஒன்றியம் என்று வரலாம். ஒரே சாலைக்கு இரண்டு மனு எழுத வேண்டியிருக்கும்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி. தொகுதி முழுவதற்கும் அதுதான். நிழற்குடை, சிறுபாலம், ஒரு தெருவுக்கு பேவர் பிளாக் இவற்றுக்குச் சரி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலப்படுத்த அதை நம்பினால் வருடத்துக்கு ஒரு துண்டாகத்தான் வரும், முதல் துண்டு பெயர்ந்த பிறகு கடைசித் துண்டு போடுவார்கள். பிரதமர் திட்டத்தின் நான்காம் கட்டம் இணைப்பே இல்லாத, சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளுக்கானது. நம் ஊர்களுக்கு ஏற்கெனவே தார் கண்ட சாலை இருப்பதால் அதில் இடம் கிடைப்பது கடினம். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று, சாலை போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. எந்தப் பணத்தில் சாலை போட்டாலும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல்வரின் கிராமச் சாலைத் திட்டம் ஒன்றிய, ஊராட்சிச் சாலைகளுக்குப் பொருந்தும், வேகமாகவும் நடக்கும். ஆனால் அது பெரும்பாலும் இருக்கிற அகலத்திலேயே மேல்பூச்சு போடுவது. மூன்று வருடம் வழவழவென்று இருக்கும், எதிரே லோடு வண்டி வந்தால் ஆட்டோ அப்போதும் பின்னால்தான் போக வேண்டும்.

மீதி இருப்பது நான் முன்வைக்கும் வழி. ஒன்றியச் சாலையை மாவட்ட இதரச் சாலையாகத் தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைக்கச் சொல்வது. துறைக்குப் போய்விட்டால் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்புத் திட்டத்தில் அகலப்படுத்தக் கேட்கலாம். 1995-96 முதல் நபார்டு வங்கி மாநிலங்களுக்குக் கொடுத்துவரும் கிராமக் கட்டமைப்புக் கடனிலும் எடுக்கலாம். அந்தக் கடனை அரசு ஏழு வருடத்தில் அடைக்கிறது, ஊர் தலையில் எதுவும் விழாது. துறைச் சாலை என்றால் வருடாந்திரப் பராமரிப்பும் சாலைப் பணியாளரும் கூடவே வரும். குறை என்னவென்றால் தாமதம். தரம் உயர்த்த ஊராட்சி, ஒன்றியத் தீர்மானங்கள் வேண்டும், பிறகு அரசாணை, அப்புறம் மதிப்பீடு, டெண்டர். இரண்டு மூன்று வருடம் பிடிக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

மலேசிய அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. செட்டிநாட்டில் ஊருணியும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அப்படித்தான் வந்தன, காரைக்குடியில் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் அப்படித்தான் எழுந்தன. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கொடுத்தால் மீதியை அரசு போடும். ஆனால் சாலை ஊருணி மாதிரி இல்லை. ஒரு தடவை வெட்டிக் கல்கட்டு கட்டினால் ஊருணி தலைமுறைக்கு நிற்கும். தார்ச்சாலைக்கு ஐந்தாறு வருடத்தில் மறுபடி பணம் வேண்டும். அப்போதும் அவரிடமே போய் நிற்க முடியுமா? வெளிநாட்டில் ஆள் இல்லாத பக்கத்து ஊரின் சாலை என்ன ஆகும்? சாலை இரண்டு ஊருக்கு நடுவில் இருக்கிறது, ஒரு ஊர் மட்டும் போட்டால் பாதியில் நிற்கும்.

நகரத்தார் ஊர்களில் புள்ளி வரி என்று ஒன்று உண்டு. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, வருடா வருடம் கோயிலுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் தன் புள்ளிக்கு உள்ளதைக் கட்ட வேண்டும். பெரிய நன்கொடை வந்தாலும் வராவிட்டாலும் கோயிலில் விளக்கு எரிவது இந்தச் சின்னத் தொகையால். சாலைக்கும் அப்படி நின்று வருகிற பணம் வேண்டும், அது துறைச் சாலைக்குத்தான் உண்டு. அண்ணனின் பணத்தை நிழற்குடைக்கும், தெருவிளக்குக்கும், ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்வாரவும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அதில் அவர் பெயர் நிற்கும், ஊருக்கும் பயன்.

வரத்துக்கால் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், அகலத்தை விடவும் இதற்காகத்தான் நான் பயப்படுகிறேன். நம் பூமி மழையை நம்பியது. ஊருணிக்கும் கண்மாய்க்கும் நீர் வருவது செம்மண் காட்டில் பெய்து, கண்ணுக்கே தெரியாத சின்னச் சரிவுகளில் ஓடி வருகிற தண்ணீரால். சாலையை ஒரு அடி உயர்த்திப் போட்டாலே அது ஒரு கரை ஆகிவிடும். மேற்குப் பக்கம் வயல் மூழ்கும், கிழக்குப் பக்கம் ஊருணி காயும். மதிப்பீடு எழுத வருபவர் கோடையில் வந்தால் வரத்துக்கால் அவர் கண்ணில் படாது, வெறும் பள்ளம் மாதிரி இருக்கும். அதனால் மதிப்பீட்டுக்கு முன் ஊரில் ஆடு மாடு மேய்த்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சாலை முழுவதும் நடந்து, எந்த இடத்தில் தண்ணீர் கடக்கும் என்று சுண்ணாம்பால் குறி போட வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு சிறுபாலமோ குழாய்ப்பாலமோ தீர்மானத்திலேயே எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். ஊருக்குள் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அதையும் ஒரு வரி எழுதலாம்.

கடைசியாகப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு. அகலப்படுத்தத் தகுதி உண்டா என்று ஏழு நாள் வண்டிகளை எண்ணுவார்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் கணக்கில் ஒரு காருக்கு ஒன்று, பஸ்ஸுக்கும் லாரிக்கும் மூன்று, பைக்குக்கு அரை. நாளைக்கு 2,000 வரை ஒற்றைத் தடம் போதும், 6,000 வரை ஐந்தரை மீட்டர் என்பது சமவெளிக்கான அளவு. நம் சாலையில் ஓடுவது பெரும்பாலும் பைக், அது பாதிதான் எண்ணப்படும். பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எண்ணப்படவே மாட்டார்கள். மார்கழியில் எண்ணினால் ஒரு தொகை வரும், தையிலோ வைகாசி முகூர்த்த நாட்களிலோ எண்ணினால் வேறு தொகை வரும். எந்த வாரம் எண்ணுவது என்பதை நாம் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். பஸ் இல்லாததால் வீட்டிலேயே இருந்துவிடுகிற பெண்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்களின் எண்ணிக்கையை வீடு வீடாகக் கேட்டு எழுதி மனுவோடு இணைக்க வேண்டும்.

அந்த வேலையை எங்கள் ஊரில் அந்த அக்காமாரே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நூற்றுப் பத்து வீடு முடிந்தது, இன்னும் கீழத்தெரு பாக்கி. நாலு ஊராட்சியிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போக வேண்டும் என்பதால் எழுதியதைப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு வாளியோடு சாலையில் நடக்கிறோம். குன்றக்குடிப் பக்கத்திலிருந்தும் கீழச்சிவல்பட்டிப் பக்கத்திலிருந்தும் வரக்கூடியவர்கள், உங்கள் ஊர் வரத்துக்கால் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.